திரும்பி வருவதற்கு அத்தாட்சி

ஒன்பது வயதில் நான் மூன்று வாரம் விசா ஆபீசராக வேலை பார்த்தேன். ஆபீஸ், வெள்ளக்கடைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் எங்களுக்குக் கொடுத்திருந்த இரண்டு அறை வீடு. வந்த மனு ஒன்றே ஒன்று. கொடுத்தவள் அம்மாவின் தங்கை, என் சித்தி. அதை நான் தினமும் தள்ளுபடி செய்தேன்.

சித்திக்குக் கல்யாணமான இரண்டாம் வருஷமே சித்தப்பா இறந்துபோனார். குழந்தை இல்லை. அன்றிலிருந்து அவள் எங்களோடுதான் இருந்தாள். அம்மா விடிந்ததும் காப்பிக்கொட்டை பொறுக்கும் வேலைக்குப் போய்விடுவாள். எனக்குத் தலை பின்னுவது, சோறு ஊட்டுவது, என் பொய்க் காய்ச்சலுக்குப் பரிந்து பேசுவது எல்லாம் சித்தி. யார் கேட்டாலும் 'நான் சித்தி பொண்ணு' என்று சொல்லித் திரிவேன். அம்மா சிரித்துக்கொள்வாள். சிரிப்பு என்றுதான் அப்போது நினைத்தேன்.

இவர்கள் இருவருக்கும் மூத்தவளான பெரியம்மா, கடல் கடந்த ஒரு குளிர்தேசத்தில் நர்ஸ். பதினோரு வருஷமாக ஊர்ப்பக்கம் வரவில்லை. தனக்கு ஆபரேஷன் என்றும், சின்னவள் மூன்று மாதம் வந்து கூட இருந்தால் தெம்பாக இருக்கும் என்றும் எழுதியிருந்தாள். அதைப் படித்ததிலிருந்து சித்திக்குச் சோறு இறங்கவில்லை.

எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரான அப்பா, இங்கிலீஷ் தெரிந்தவர் என்ற முறையில் பொறுப்பேற்றார். பாஸ்போர்ட், அழைப்புக் கடிதம், தடுப்பூசிச் சீட்டு, திரும்பி வர டிக்கெட் என்று பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டினார். பெட்டி இருபது கிலோவைத் தாண்டக் கூடாதாம். காப்பிமூட்டை நிறுக்கும் தராசில் தூக்கி வைத்தார், இருபத்திரண்டு காட்டியது. சித்தி தன் சேலைகளை எடுத்து வெளியே வைத்தாள். பெரியம்மாவுக்காக வறுத்து அரைத்த காப்பித்தூளைத் தொடவில்லை.

ஒண்டிக்கடை ஸ்டுடியோவில், போட்டோவில் இரண்டு காதும் தெரிய வேண்டும் என்றார்கள். சித்தியின் காதில் துளை தூர்ந்துவிடாமல் செருகிய துடைப்பக்குச்சிதான் இருந்தது. அம்மா தன் தோடுகளைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டு, அந்தக் குச்சிகளைத் தன் காதில் செருகிக்கொண்டாள். போட்டோவில் இருப்பது போலவே நேரிலும் இருக்க வேண்டும் என்று அப்பா சொன்னதால், தோடு சித்தியின் காதிலேயே தங்கியது.

மெட்ராசில் நேரில் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்களாம். அப்பா கேட்டுப் பழக்கினால் சித்திக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அதனால்தான் உத்தியோகம் எனக்கு வந்தது. அப்பாவின் ஸ்வெட்டரும், எழுத்துத் தேய்ந்த பழைய ரப்பர் ஸ்டாம்பும் கொடுத்தார்கள்.

"எதுக்குப் போறீங்க?"

"அக்காளப் பாக்கங்க."

"திரும்பி வருவீங்கன்னு என்ன அத்தாட்சி?"

"வராம எங்கீங்க போறேன்? எங்க பாப்பாவுக்குத் தலை பின்ன ஆளில்லீங்க."

பதில் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஸ்டாம்ப் குத்தினால் சித்தி போய்விடுவாளே. "விசா கெடையாது, அடுத்த ஆளு வரலாம்" என்பேன். சித்தி சிரிப்பாள். மறுநாள் சாயங்காலம் மறுபடி வந்து நிற்பாள்.

ஒருநாள் அப்பா சேலத்தில் யாரிடமோ விசாரித்துவிட்டு வந்தார். வீடு, நிலம், புருஷன் எதுவும் இல்லாதவர்களைச் சந்தேகப்படுவார்களாம்; ஊரில் பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறவர்களை மட்டும் நம்புவார்களாம்.

"அம்மிணி, பிள்ளைங்க இருக்குதான்னு கேட்டா ஒரு பொண்ணுன்னு சொல்லிரு. மலையேறி வந்தா பாக்கப் போறாங்க?"

சித்தி அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவரைக்காயை நறுக்கிக்கொண்டே, தலை நிமிராமல், "சொல்லு, அதுக்கென்ன" என்றாள்.

"பிள்ளைங்க?" என்று கேட்டேன்.

"ஒரு பொண்ணுங்க" என்று சித்தி என் பெயரைச் சொன்னாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றைக்கு முதல் தடவையாக விசா கொடுத்தேன். அவள் உள்ளங்கையிலேயே குத்தினேன்.

மெட்ராசுக்கு அம்மாவும் துணைக்குப் போனாள். சித்தி நடுங்கியதைப் பார்த்து அம்மாவையும் உள்ளே விட்டார்களாம். மூன்றாம் நாள் மதியம் இருவரும் பஸ்ஸிலிருந்து இறங்கியபோதே தெரிந்துவிட்டது. "பெரிய ஆபீசரும் உன்னாட்டவே கெடையாதுன்னுட்டாரு கண்ணு" என்றாள் சித்தி. நான் குதித்தேன்.

பிறகு அம்மா அப்பாவிடம் சொன்னது காதில் விழுந்தது. "எல்லாம் நல்லாத்தாங்க சொல்லிட்டு வந்தா. பிள்ளைங்க இருக்குதான்னு கேட்டாங்க. என்னத் திரும்பி ஒரு பார்வை பாத்தா. அப்பறம் 'இல்லீங்க'ன்னுட்டா."

நான் இடிந்துபோனேன். மூன்று வாரம் சொல்லிக் கொடுத்ததை மறந்ததோடு, என்னையே இல்லையென்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்! தலை பின்ன வந்த சித்தியின் கையைத் தட்டிவிட்டு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டேன். பெரியம்மா ஆபரேஷனில் பிழைத்துக்கொண்டாள். ஆனால் சித்தி அவளைப் பார்க்க இன்னும் ஆறு வருஷம் ஆயிற்று.

அன்று நான் மூலையில் இருந்தபடியே பார்த்தேன். சித்தி தோடுகளைக் கழற்றி அம்மாவிடம் நீட்டினாள். அம்மா வாங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, ஒவ்வொன்றாக அவள் காதிலேயே போட்டுத் திருகினாள்.

கேள்விக்குத் தப்பாகப் பதில் சொல்லிவிட்டு வந்தவளுக்கு அம்மா எதற்குத் தோட்டைக் கொடுக்கிறாள் என்று, ஆபீசரான எனக்கு விளங்கவேயில்லை.