ஏழாம் வாய்ப்பாட்டுக் கயிறு

உலகச் சண்டைக் காலம். முதல் பாரத்தில், அதுதான் ஆறாம் வகுப்பில், நானும் என் பக்கத்தில் இருந்த அவளும் இரண்டாவது வருஷமாக உட்கார்ந்திருந்தோம். எனக்கு எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், எண்ணும் மனசில் நிற்காது. அவள் பதினேழைப் பார்த்து எழுபத்தொன்று என்பாள். மக்கு என்ற ஒரே சொல் எங்கள் இருவருக்கும் போதுமானதாக இருந்தது. என் அப்பாவுக்குக் கருப்பட்டிக் கடை. அவள் அப்பா கடலில் சங்கு குளிக்கிறவர். கடைசி பெஞ்சில் அந்த வித்தியாசமெல்லாம் செல்லாது.

கணக்கு டீச்சர் வாய்ப்பாடு கேட்பார். தெரியாதவள் தலையில் சரியாகச் சொன்னவள் குட்ட வேண்டும். தினமும் நாங்கள் இருவரும் வாங்குவோம். அவளும் வாங்குகிறாளே என்பதுதான் எனக்கிருந்த ஒரே ஆறுதல்.

ஒரு நாள் எனக்குத் தெரியாததை அடுத்து இருந்த அவள் சொல்லிவிட்டாள். குட்டு என்றதும் விரலால் என் தலையைத் தொட்டுவிட்டு உட்கார்ந்தாள். ஓங்கிக் குட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எனக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் மணி அடிக்குமுன் அவளே ரகசியத்தைக் காட்டினாள். வலை பின்னும் நூலில் ஏழாம் வாய்ப்பாட்டை முடிந்து வைத்திருந்தாள். ஏழு முடிச்சுக்கு ஒரு துணித்துண்டு, ஒவ்வொரு பத்தாவது முடிச்சும் பருமன். மூன்றாவது துண்டுவரை பருமன் இரண்டு, அதற்குமேல் ஒன்று என்றால் மூவேழு இருபத்தொன்று. கண்ணே வேண்டாம், விரலால் எண்ணிவிடலாம்.

"ஏளா, இன்னைக்கு நீ வச்சுக்க. நான் நேத்தே சொல்லிட்டேன், என்னையக் கேக்க மாட்டாவ."

டீச்சர் முதலில் அவளைத்தான் எழுப்பினார். "எட்டேழு எவ்வளவு?"

அவள் விரல்கள் பாவாடை மடிப்பைத் தடவின. பிறகு பெஞ்சுக்கு அடியில் அவள் கை என் பக்கம் நீண்டது. கயிறு என் மடியில் இருந்தது. ஒரு சாண் தூரம், கொடுத்திருக்கலாம். நான் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தேன். டீச்சர் "அடுத்தவ சொல்லு" என்றார். நான் எழுந்து "அம்பத்தாறு" என்றேன்.

"நீ குட்டு" என்றார் டீச்சர்.

என் விரலில் அப்பா செய்து போட்ட முத்து மோதிரம். "மோதிரக் கையால குட்டு வாங்குதா" என்று முன் பெஞ்சில் ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். முத்து முன்னால் வரும்படி மோதிரத்தைச் சரிசெய்துகொண்டு, இருந்த பலத்தையெல்லாம் வைத்துக் குட்டினேன். என்னைக் குட்டியவர்கள் நாற்பது பேர் இருந்தார்கள். நான் குட்டியது, என்னைத் தொட்டவளை. எண்ணெய் வைத்த வகிட்டில் ரத்தம் துளிர்த்தது.

இடைவேளையில் கயிற்றைக் கேட்டாள். "தொலஞ்சு போச்சு" என்றேன். அது என் இடுப்பில் செருகியிருந்தது, நுனி வெளியே தொங்கியது. அவள் அதைப் பார்த்தாள்.

மறுநாள் புதிதாக இரண்டு கயிறு கொண்டுவந்தாள்.

"இது எட்டாம் வாய்ப்பாடு. ஒனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு."

பாவி மகள், ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். கயிற்றை வாங்கிக்கொண்டேன். அவள் வகிட்டில் மஞ்சள் பற்றுப் போட்டிருந்தது. இவளுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது இந்த மனசு என்று, அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.