ஒஹாயோவுக்கு எழுந்தவர்கள்

லுவெல்லாவுக்கு ஆடத் தெரியாது என்று ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் ஊரில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நன்றாகவே தெரியும். ஆடத்தான் வாய்க்கவில்லை.

டயர் ஆலைச் சங்கக் கூடத்தில் சனிக்கிழமை சாயங்காலம் பாட்டுக் கச்சேரி நடக்கும். ஆலையில் முக்கால்வாசிப் பேர் தெற்கே மலைப்பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். கென்டக்கி பாட்டு வந்தால் கென்டக்கிக்காரர்கள் மட்டும் எழுந்து ஆட வேண்டும்; டென்னசி பாட்டுக்கு டென்னசிக்காரர்கள். மற்றவர்கள் சோள ரொட்டியைப் பிட்டுத் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். தப்பித் தவறி அடுத்த மாநிலப் பாட்டுக்கு எழுந்துவிட்டால் போச்சு, அந்த வாரம் முழுக்க ஆலையில் தலைகாட்ட முடியாது. பெண்டாட்டி பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்காரர் மாநிலத்தோடு சேர்த்தி.

லுவெல்லா பிறந்தது ஆக்ரனை ஒட்டிய பண்ணையில். ஒஹாயோவுக்கென்று அந்தக் கூடத்தில் பாட்டே கிடையாது. புருஷன் வழியில் ஒரு மாநிலம் கிடைத்திருக்கும், கல்யாணமும் கூடிவரவில்லை. ஆக, மடியில் ஸ்டீல் கிட்டாரைக் கிடத்திக்கொண்டு ஊரார் பாட்டுக்கெல்லாம் வாசித்தாள்.

அடடா, என்ன வாசிப்பு! தந்திகளின் மேல் இரும்புக் கட்டையை அவள் மெல்ல இழுத்தால் போதும், கூடம் முழுக்கக் கண் சொக்கிப் போகும். ஜன்னலுக்கு வெளியே ஆலைப் புகை மலைமேல் பனியாகிவிடும். ரப்பர் நாற்றம் மறந்து போகும். அந்த மலைகளில் ஒன்றைக்கூட அவள் கண்ணால் கண்டதில்லை. ஆனால் எந்த ஓடை எங்கே திரும்புகிறது, யார் வீட்டுக் கொல்லையில் ஆப்பிள் மரம் என்பதெல்லாம் அவள் விரலுக்குத் தெரியும். வீட்டுக்குப் போனால் மட்டும், தன் ஊருக்கென்று ஒரு பாட்டு இல்லையே என்று ஏக்கமாக இருக்கும். அதை யாரிடம் சொல்லி அழ?

ஆலை வேலையில் டயர் ஓரத்துப் பிசிறை அறுத்தபடியே ஒரு பாட்டுக் கட்டினாள். பிடில்காரர் ஹோபர்ட்டிடம்தான் முதலில் சொன்னாள். கச்சேரி அவர் பொறுப்பு. கென்டக்கிக்காரர், வாய் கொஞ்சம் நீளம்.

"ஒஹாயோவுக்குப் பாட்டா? எதைப் பத்தி, டயரைப் பத்தியா?"

"யோவ், உன் ஊர் கழுதையைப் பத்தியே இத்தன வருஷமா வாசிச்சேன்ல?"

"கோவிச்சுக்காதேம்மா. பாடறது பெருசில்ல. எழுந்திருக்க யாரு இருக்கா? ஒருத்தரும் எழலேன்னா உன் மனசுதான் நொந்துபோகும்."

"எழலேன்னா பெட்டிய மூடிட்டுப் போயிடறேன். அப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டேன்."

அந்தச் சனிக்கிழமை, வெயில் மஞ்சளாகச் சாய்கிற நேரத்தில் பாடினாள். சோளக்காட்டு ஓரம் மின்மினி ஏறுகிறது, வேலை முடிந்த ஆட்கள் பாலத்தில் நடக்கிறார்கள், கால்வாய்த் தண்ணீரில் விளக்குகள் நீந்துகின்றன. அவ்வளவுதான் பாட்டு. கட்டை தந்தியில் நீண்டு வழுக்க, கூடமே தண்ணீருக்குள் இறங்கியது போலிருந்தது.

ஒருவரும் எழவில்லை. ஆடும் இடம் காலியாகக் கிடந்தது. பாவம், இரண்டாம் அடியில் அவள் குரல் நடுங்கியது. தலை குனிந்துகொண்டாள்.

நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. ஹோபர்ட்டின் மகள் டார்லா எழுந்து நின்றாள்.

"ஏய், உக்காருடி! இது நம்ம பாட்டா?" ஹோபர்ட் பல்லைக் கடித்தார்.

"நான் எங்க பொறந்தேன்ப்பா? இதே தெருக்கோடி ஆஸ்பத்திரியிலதானே? பாட்டுல வர்ற பாலத்துலதான் நான் தினம் நடக்கறேன். கென்டக்கியை நான் பார்த்ததுகூட இல்ல."

டென்னசி மேசையிலிருந்து ஒருவன் எழுந்தான். மேற்கு வர்ஜீனியா மேசையிலிருந்து அக்கா தங்கை இருவர். பிறகு கூடத்து இளசுகள் அத்தனையும். பெற்றவர்கள் சோள ரொட்டியும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அங்கே முந்தானை ஏது, சமையல் மேலங்கிதான். வலித்திருக்கும், வலிக்காமலா?

ஹோபர்ட் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு லுவெல்லா பக்கம் வந்தார்.

"எழுந்திரு, லுவெல்லா."

"நான் எழுந்தா பாட்டு நின்னுடும்யா."

"நிக்காது. நான் வாசிக்கிறேன்."

எந்தக் கச்சேரியிலும் நின்றுகொண்டே வாசிக்கிற மனிதர், ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அழுத்தமாக உட்கார்ந்தார். "உக்காந்துதான் வாசிப்பேன், ஆமா. நான் கென்டக்கிக்காரன்."

பிடில் பாட்டை வாங்கிக்கொண்டது. லுவெல்லா மடியிலிருந்த கிட்டாரை இறக்கி வைத்துவிட்டு எழுந்தாள். டார்லா கையை நீட்டினாள்.