முதல்வர் மேடத்தின் வாரச் செய்தியும் போகமாட்டேன் என்ற நிழலும்

ஒரு கல்லூரியில் இந்த வாரம் என்ன நடந்தது என்று கண்டுபிடிப்பது, பக்கத்து வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்று தெருவில் நின்றே கண்டுபிடிப்பது மாதிரியான வேலை. வாசனை வரும், கேட்டால் யாரும் ஒழுங்காகச் சொல்லமாட்டார்கள். பள்ளிக்கூடத்திலோ பேங்கிலோ "நீதான் நல்லா எழுதுவியே, ரெண்டு வரி எழுதிக் குடு" என்று யாரிடமாவது மாட்டிக்கொண்டவர்களுக்கு என் பாடு சொல்லாமலே புரியும்.

சங்கரன்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில், முதல்வர் அறைக்கு வெளியே உட்கார்ந்து தட்டச்சு செய்கிறவள் நான். கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் படித்து, கல்யாணமாகி, மகள் எல்.கே.ஜி. போகத் தொடங்கியதும் வேலைக்கு வந்தவள். போன வருஷம் புதிதாக வந்த முதல்வர் மேடம், "இந்த வாரம் நம் கல்லூரியில்" என்று வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பக்கச் செய்தி போடவேண்டும் என்றார். பெற்றோர்களுக்கும், சுற்றுவட்டாரத்தில் பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகளின் வீடுகளுக்கும் வாட்ஸ்அப்பில் அது போகும்.

மேடத்துக்கு அதில் ஒரு கவலை இருந்தது. எங்கள் பிசிக்ஸ் பிரிவில் ஆள் சேர்வது வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்தது. "வர்ற ஜூன்லயும் பத்துப் பேர் சேரலைன்னா பிசிக்ஸை மூடிருவோம்" என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. மூடினால், அங்கே இருக்கிற ஒரே நிரந்தர வாத்தியாரான பிசிக்ஸ் சார் வேறு ஊருக்குப் போகவேண்டும். ஆய்வுக்கூடத்தைப் பூட்டிச் சாவியை எங்கள் மேசையில் வைத்துவிடுவார்கள். "ஊருக்கு நம்ம பிள்ளைங்க என்ன செய்யுதுன்னு தெரியணும் செல்வி. தெரிஞ்சா வருவாங்க" என்பார் மேடம்.

விசேஷம் ஒன்றுமில்லை

செய்தி சேகரிக்க வியாழக்கிழமை ஒவ்வொரு துறையாகப் போவேன். எல்லா வாசலிலும் ஒரே பதில்: "விசேஷம் ஒண்ணும் இல்லம்மா." நானும் விடமாட்டேன். எனக்கு இயல்பிலேயே எட்டிப் பார்க்கிற குணம் உண்டு. வீட்டில் அதற்குத் திட்டு வாங்குவேன், இங்கே சம்பளம் தருகிறார்கள்.

ஒருநாள் விலங்கியல் துறைக்குப் போனால், மேடம் ஒருவர் நிதானமாக டீ குடித்துக்கொண்டிருந்தார். விசேஷம் ஒன்றுமில்லை என்றார். அவருக்குப் பின்னால் ஒரு கண்ணாடித் தொட்டியில் ஏதோ அசைந்தது. குனிந்து பார்த்தேன், மண்ணுளிப் பாம்பு. காலையில் வகுப்புக்குள் வந்ததாம். பிள்ளைகள் பெஞ்சின்மேல் ஏறி நின்றே அது எப்படி ஊர்கிறது என்று படம் வரைந்திருக்கிறார்கள். இனிமேல்தான் வனத்துறைக்குச் சொல்லி ஒப்படைக்க வேண்டுமாம். "இதை ஏன் மேடம் சொல்லலை?" என்று கேட்டதற்கு அவர் டம்ளரைக் கீழே வைக்காமலே சொன்னார்:

"பாம்பு வாரது விசேஷமாம்மா? அது பாட்டுக்கு வாரா வாரம் வருது. ஆடிட்டர் வந்தாத்தான் விசேஷம்."

இனிதே நடைபெற்றது

எங்கள் முதல்வர் மேடத்துக்குப் பிடிக்காத சொல் ஒன்று உண்டு: "இனிதே". "கருத்தரங்கம் இனிதே நடைபெற்றது" என்று எழுதிக்கொண்டு போனால் பேனாவை மூடிவைத்துவிட்டு என்னைப் பார்ப்பார். "என்ன பேசினாங்க? யார் கேள்வி கேட்டா? ஏன் கேட்டா?" எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்டு வா என்று அனுப்புவார்.

அப்படித்தான் ஒருமுறை வரலாற்றுத் துறைக் கருத்தரங்கத்துக்காகத் திரும்பிப் போனேன். நன்றியுரை சொன்ன சாரைப் பிடித்து, "சிறப்பு விருந்தினர் என்ன சார் பேசினார்? ஒரு வரி சொன்னாப் போதும்" என்றேன். அவர் கண்ணை மூடி ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்தார். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"ஒண்ணே முக்கால் மணி நேரம் பேசுனாரு, அது நிச்சயம். அதுக்கு மேல நீங்க அவருக்கே போன் போட்டுக் கேட்டுக்கிடுங்க."

படம்

செய்தியை யார் படிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள, கீழே அலுவலக நம்பரைப் போடச் சொன்னேன். அன்றிலிருந்து போன் வந்தது. ஆனால் செய்தியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. படத்தைப் பெரிதாக்கி அவரவர் பிள்ளையைத் தேடுகிறார்கள். எங்கள் வீட்டிலும் நான் அப்படித்தானே, மகள் பள்ளிக்கூடப் படம் வந்தால் அவள் ரிப்பன் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

பிசிக்ஸ் பிள்ளைகள் லென்ஸை வைத்து ஏதோ செய்து பரிசு வாங்கிய படத்தை, மேடம் ஆசை ஆசையாகப் பெரிதாகப் போடச் சொன்னார். இதைப் பார்த்தாவது பத்துப் பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்தோம். அன்று சாயங்காலம் வந்த ஒரே போன் சிவகிரியிலிருந்து, விடுதியில் இருக்கும் ஒரு பையனின் அம்மா.

"பரிசெல்லாம் இருக்கட்டும்மா. எம் புள்ள ஏன் இப்படித் தோள் எலும்பு தெரிய மெலிஞ்சு போயிருக்கான்? அங்கன ராத்திரிக்கு என்னதான் போடுதீய?"

முன்கூட்டியே நடந்துவிடும் விழாக்கள்

இங்கே எங்கள் சூப்பிரண்டு அண்ணாச்சியைப் பற்றிச் சொல்லவேண்டும். அலுவலகத்தில் மூத்தவர், தங்கமான மனுஷர். அவரிடம் ஒரு பழக்கம். விழா முடிந்தபிறகு செய்தி எழுதமாட்டார். அழைப்பிதழ் வந்தவுடன் எழுதிவிடுவார். அழைப்பிதழில் "வரவேற்பார்" என்றிருந்தால் இவர் "வரவேற்றார்" என்று மாற்றுவார். "சிறப்புரை ஆற்றுவார்" என்பது "ஆற்றினார்" ஆகும். கடைசியில் ஒரு "திரளாகக் கலந்துகொண்டனர்". முடிந்தது வேலை. இப்படி எழுதி, வராத விருந்தினர் பேசியதும் உண்டு. மழையில் நின்றுபோன விளையாட்டு விழாவில் பரிசு கொடுத்ததும் உண்டு.

"நடக்காததை எப்படி அண்ணாச்சி நடந்ததுன்னு போடுதது?" என்று ஒருநாள் கேட்டேன். கோபமே இல்லை அவருக்கு.

"யம்மா, நம்ம கல்லூரியில விழான்னா எப்படியும் ஒரே மாதிரிதான நடக்கும்? நடந்தப்புறம் எழுதுனா மட்டும் என்ன புதுசா எழுதிரப் போறே?"

பன்னிரண்டு மணி நிழல்

சித்திரை பிறக்கிற சமயம் பிசிக்ஸ் சார் ஒரு அறிவிப்போடு வந்தார். எங்கள் ஊரில் வருஷத்துக்கு இரண்டு நாள் சூரியன் நேர் உச்சிக்கு வருமாம். அப்போது நட்டுவைத்த கம்பின் நிழல் அதன் காலடிக்குள்ளேயே போய்விடும். வெள்ளிக்கிழமை மைதானத்தில் அதைக் காட்டப் போகிறார், எல்லாரும் பன்னிரண்டு மணிக்குக் கூடவேண்டும். எனக்கு இத்தனை வயதுக்கு இது தெரியாது. இதை மட்டும் நன்றாகப் போட்டால் பிசிக்ஸ் தப்பித்துவிடும் என்று தோன்றியது.

அன்று அண்ணாச்சி ஒரு கல்யாணத்துக்குப் போகவேண்டியிருந்தது. கிளம்புகிற அவசரத்தில் பிசிக்ஸ் சாரின் அறிவிப்பைப் பார்த்து, "இன்று பகல் பன்னிரண்டு மணிக்கு நிழல் முற்றிலும் மறைந்தது. பொதுமக்கள் கண்டு வியந்தனர்" என்று தன் போனிலிருந்தே எல்லா வீட்டுக்கும் அனுப்பிவிட்டு பஸ் ஏறிவிட்டார். முதல் போன் உடனே வந்தது: "அம்மா, மணி பதினொண்ணே முக்கால்தான ஆவுது? அதுக்குள்ள எப்படி மறைஞ்சுது?"

பன்னிரண்டு அடித்ததும் போனைக் கீழே வைக்க முடியவில்லை. உலக்கையை நிறுத்திப் பார்த்தோம், நிழல் இருக்கிறது. டம்ளரை வைத்தோம், இருக்கிறது என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒரு தறிக்கூடத்திலிருந்து, "தறியை நிப்பாட்டிட்டு பன்னெண்டு பேரு வாசல்ல நிக்கோம். உங்க காலேஜ் நிழல் மட்டும் தனியா போயிட்டோ?" என்று ஒரே சிரிப்பு. நிழலைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாத பிசிக்ஸ் என்று ஊர் சிரித்தால் ஜூனில் யார் சேர்வார்கள்? மைதானத்துக்கு ஓடினேன். அங்கேயும் கம்புக்குப் பக்கத்தில் நிழல் விரல் கனத்தில் படுத்துக் கிடந்தது. பிசிக்ஸ் சார் நிதானமாகக் குடை பிடித்து நின்றார்.

"பன்னிரண்டுக்கு எல்லாரையும் வரச் சொன்னேன், மறையும்னு நான் சொல்லலியே. நம்ம கடிகாரம் நம்ம ஊர் சூரியனை வச்சு ஓடலம்மா. கிழக்க தள்ளி ஒரு இடத்துக்கு உச்சி வரும்போது நாடு பூரா பன்னிரண்டுன்னு வச்சிருக்கு. நமக்கு உச்சி வர இன்னும் இருபது நிமிஷம் ஆகும்."

திரும்ப ஓடி, அழைத்த ஒவ்வொருவருக்கும் சொன்னேன். "உள்ள போயிராதீங்க, நில்லுங்க, ஏன்னு அப்புறம் சொல்லுதேன்." மேடமும் ஒரு போனை எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு போன் அடங்கியது. அந்த அமைதியில்தான் எனக்குப் பயம் அதிகமானது. பன்னிரண்டு இருபதைத் தாண்டியதும் படங்கள் வந்து விழுந்தன. நிழலில்லாத டம்ளர், நிழலில்லாத உலக்கை, பக்கத்தில் நிழலே இல்லாத நூல்கண்டு. ஒருவர் தன் மாமியாரையே நிறுத்திப் படம் எடுத்திருந்தார். அதோடு கேள்விகள். வெளியூரில் எப்போது மறையும், ராத்திரியில் நிலாவுக்கும் இப்படி உண்டா? தறிக்கூடத்துக்காரர் திரும்பக் கூப்பிட்டார். இப்போது சிரிப்பு இல்லை.

"அப்போ இத்தனை வருசமா நாங்க பன்னெண்டு மணின்னு சோத்துக்கு எந்திரிச்சது யாரு ஊர் மணிக்கும்மா?"

ஒரே பஸ்

ஆனால் படம் அனுப்புவது வேறு, பிள்ளையை அனுப்புவது வேறு. ஜூன் வந்தது. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகள் பாடத்தைப் பார்த்துச் சேர்வதில்லை, பஸ்ஸைப் பார்த்துச் சேர்கிறார்கள். ஒரு ஊரிலிருந்து ஒருத்தி பி.காம். சேர்ந்தால் அந்த பஸ்ஸில் வருகிற அத்தனை பேரும் பி.காம். தனியாக ஒருத்தியை எந்த வீட்டிலும் விடமாட்டார்கள். பிசிக்ஸில் ஏழு பேரோடு நின்றது. பிசிக்ஸ் சார் வந்து எண்ணிக்கை கேட்பதை நிறுத்திவிட்டார். சும்மா தண்ணீர் குடிக்க வருகிற மாதிரி வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போவார்.

சேர்க்கை முடிகிற அன்று மேலநீலிதநல்லூர் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். சேலை முந்தானையில் வயக்காட்டு மண் இன்னும் இருந்தது. பக்கத்தில் மகள், பின்னால் இன்னும் இரண்டு பிள்ளைகள். "பிசிக்ஸ்" என்றார். நான் எழுந்தே நின்றுவிட்டேன். மேடத்திடம் கூட்டிப்போனேன். அந்த இரண்டு பிள்ளைகளும் யார் என்று மேடம் கேட்டதற்கு, "இவ கூட பஸ்ல வாரவளுவ. இவ எதுல சேந்தாலும் அதுல சேருவாளுவ. மூணு வீட்லயும் பேசியாச்சு" என்றார்.

மேடத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் நேர்மையாக ஒன்று சொன்னார். "இதைப் படிச்சா உடனே வேலை கிடைச்சிரும்னு நான் வாக்குக் குடுக்க முடியாதும்மா. யோசிச்சுத்தான் வந்தீங்களா?" மகள் அம்மாவின் கையைப் பிடித்தாள். அந்த அம்மா மகளைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார்.

"அன்னைக்கு உங்க செய்தியைப் பாத்துட்டு வெயில்ல போயி நின்னவதான் மேடம் இவ. அதுலருந்து ஏன் ஏன்னு கேட்டு என்னைக் களை எடுக்க விடலை. வேலை கிடைக்குத அன்னைக்குக் கிடைக்கட்டும். மூணு வருசம் இவளுக்கு நீங்க பதில் சொல்லுங்க, எனக்குக் கொஞ்சம் வாய் வலிக்கு."

ஏழும் மூன்றும் பத்து, பிசிக்ஸ் தப்பித்தது. சரியாகப் போட்ட செய்தியை ஒருவரும் படிக்கவில்லை, தப்பாகப் போட்ட ஒன்றைச் சரிபார்க்கத்தான் ஊரே வெயிலில் இறங்கியது என்பதை மட்டும் வாரச் செய்தியில் போட மேடம் எனக்கு இன்னும் அனுமதி தரவில்லை.