பிரேமிளாவின் எரிச்சலும் நாலு எபிரேயச் சொற்களும்

பிரேமிளாவுக்குப் பொறாமை. இதில் மூடி மறைக்க ஒன்றுமில்லை. துணுக்காய்ப் பக்கத்து அந்தச் சின்னச் சபைக்கு வந்துபோகிற எல்லோருக்கும் இது தெரியும், அவளுடைய புருசன் தவராசாவுக்கு எல்லோரையும்விடக் கூடுதலாகத் தெரியும்.

பதினாலு வருசம் புதன்கிழமை வேதப்படிப்பை நடத்தியவள் அவள். மீள்குடியேறி வந்த புதிதில், கூரையில்லாத நாலு சுவருக்குள் தறப்பாளைக் கட்டித் தொடங்கிய படிப்பு அது. மற்ற நாட்களில் வீட்டில் பிளவுசும் பள்ளிக்கூடச் சீருடையும் தைப்பாள். புதன் பின்னேரம் மெசினை மூடிவிட்டு, கஞ்சி போட்ட சேலை கட்டி, சபையின் முன்கதிரையில் போய் இருப்பாள். அந்தக் கதிரை அவளுடையது என்று ஒருவரும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் வேறொருவர் அதில் இருந்ததும் இல்லை.

போன ஐப்பசியில் சாரங்கா வந்து சேர்ந்தாள். முப்பது வயது. கண்டிப் பக்கம் நாலு வருசம் இறையியல் படித்து, எபிரேயமும் கற்று, உதவி ஊழியராக நியமனம் பெற்று, நீல ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். போதகர் நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் யோசிக்காமல் செய்கிற வேலையைத்தான் அவரும் செய்தார். "அக்கா, எத்தினை வருசமாக் கஷ்டப்படுறியள், இனிக் கொஞ்சம் ஆறுங்கோ" என்று சொல்லி, புதன்கிழமையைத் தூக்கிச் சாரங்காவின் கையில் கொடுத்துவிட்டார். ஆறுவதற்கு நான் என்ன தேத்தண்ணியா என்று பிரேமிளா அவரிடம் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து தவராசாவிடம் கேட்டாள்.

"அந்தப் பிள்ளை படிச்சது, சொல்லிக்குடுக்குது. உனக்கேன் வயிறு எரியுது?" என்றார் தவராசா.

"எனக்கு ஒண்டும் எரியேல்லை" என்றாள். அன்று இரண்டு பிளவுசுக்கு இடக்கையும் வலக்கையும் மாறிப்போய்த் தைத்திருந்தாள்.

தை மாதத்து முதல் ஞாயிறு அந்தச் சபையில் உடன்படிக்கை ஞாயிறு. எல்லோரும் எழும்பி நின்று, கடவுளோடு செய்த உடன்படிக்கையைப் புதுப்பிப்பார்கள். அதற்கு ஆயத்தமாக, மார்கழியின் நாலு புதனும் நாலு எபிரேயச் சொல் படிப்பிக்கப் போவதாகச் சாரங்கா அறிவித்தாள். பிரேமிளாவின் வகுப்புக்கு ஏழெட்டுப் பேர் வந்தால் பெரிய காரியம். சாரங்காவின் முதல் புதனுக்கு இருபத்தாறு பேர். பிரேமிளா பின்வரிசை வாங்கிலில் இருந்தபடி ஒவ்வொரு தலையாக எண்ணினாள். அதிலும் பிரேமிளாவின் பழைய வகுப்புக்காரி அருந்ததி புதுக் கொப்பி வாங்கி, உறை போட்டுக் கொண்டுவந்திருந்தாள். பதினாலு வருசத்தில் பிரேமிளா சொன்ன ஒரு வசனத்தையாவது அருந்ததி ஒரு துண்டுக் கடதாசியில் எழுதியிருப்பாளா?

முதல் சொல் பெரித். உடன்படிக்கை. எபிரேயர் உடன்படிக்கையை எழுதுவதாகச் சொல்வதில்லை, வெட்டுவதாகத்தான் சொல்வார்கள் என்றாள் சாரங்கா. ஆட்டையோ மாட்டையோ இரண்டாகப் பிளந்து வைத்து, நடுவால் நடந்துபோவார்களாம். சொன்ன சொல் தவறினால் எனக்கும் இந்தக் கதிதான் என்பது அதன் பொருள். எல்லோரும் 'அட' என்றார்கள். வெட்டுகிறதைப் பற்றி எனக்கா படிப்பிக்கிறாய் என்று கத்தரிக்கோல் பிடித்துக் காய்த்த விரலைத் தடவிக்கொண்டாள் பிரேமிளா.

இரண்டாவது ஹெசெத். உடன்படிக்கை செய்தவர் மற்றவர் தகுதியைப் பாராமல் கடைசிவரை காட்டுகிற விசுவாசமான அன்பு. மூன்றாவது கன்னா. எரிச்சலுள்ளவர், தன்னுடையதைப் பிறருக்கு விட்டுக்கொடாதவர் என்று பொருள். "இந்தச் சொல்லை வேதம் கடவுளுக்கு மட்டுந்தான் வைச்சிருக்கு" என்று சாரங்கா சொன்னபோது, தவராசா திரும்பிப் பார்த்து மனைவிக்கு ஒரு சிரிப்புச் சிரித்தார். அன்றிரவு அவருக்குப் பழைய சோறுதான்.

நாலாவது புதன்தான் பிரேமிளாவின் நெஞ்சில் இடி விழுந்த நாள். சொல், ஹிஷ்தஹவா. வழிபடுதல் என்று நாங்கள் வாசிக்கிற இடங்களில் அநேகமாக இந்தச் சொல்தான் இருக்கிறது என்றாள் சாரங்கா. அதன் பொருள் பாடுவதும் இல்லை, கைதட்டுவதும் இல்லை. உடம்பைத் தரையில் போட்டு, முகம் நிலத்தில் படப் பணிகிறது.

அருந்ததிக்கு வாய் சும்மா இருக்காது. "இஞ்சை ஒரு ஐயா அப்பிடி விழுந்து கும்பிட்டவர். சுடலைமுத்து ஐயா. அது பிழையெண்டு சொல்லி நிப்பாட்டிப்போட்டினம்."

ஆர் நிப்பாட்டினது என்று அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. பத்துப் பன்னிரண்டு தலைகள் பிரேமிளா இருந்த பின்வரிசைப் பக்கம் திரும்பின.

பன்னிரண்டு வருசத்துக்கு முந்தின கதை அது. சுடலைமுத்து மலைநாட்டிலிருந்து எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் வன்னிக்கு வந்தவர். யுத்தம் முடிந்தபோது வவுனியா முகாமில் பிரேமிளாவின் கூடாரத்துக்குப் பக்கத்துக் கூடாரம். பிறகு அவளுடைய சொல்லைக் கேட்டுத்தான் சபைக்கு வந்தார், குளத்தில் ஞானஸ்நானமும் எடுத்தார். அடுத்த ஞாயிறு பீடத்துக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். பிரேமிளாவுக்குப் பதறிப்போயிற்று. அவளுடைய அப்பா கோயிலை விட்டுச் சபைக்கு வந்த முதல் ஆள். கோயில் பழக்கம் ஒன்றும் சபைக்குள் வரக்கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவர். அவள் ஓடிப்போய், எல்லோரும் பார்க்க, முழங்கையைப் பிடித்துச் சுடலைமுத்துவை எழுப்பினாள். "இது கோயில் இல்லை. இனி இப்பிடிச் செய்யமாட்டன் எண்டு சொல்லுங்கோ." "செய்யமாட்டேங்கம்மா" என்றார் அவர். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வருவார். பின்கதவு நிலையைப் பிடித்தபடி நிமிர்ந்து நிற்பார், போய்விடுவார்.

"அவருக்கு எபிரேயம் தெரியாது. ஆனால் சரியாச் செய்திருக்கிறார்" என்றாள் சாரங்கா. "நான் போய்ச் சந்திக்கிறன். ஞாயிற்றுக்கிழமை முன்னுக்கு வரச் சொல்லிக் கேக்கிறன்."

பிரேமிளாவுக்குப் பிழை விட்ட வெட்கம் வந்திருக்கவேண்டும். வந்தது எரிச்சல். புதன்கிழமையை எடுத்தாய், அருந்ததியை எடுத்தாய், இப்போது சுடலைமுத்துவையுமா? அவர் நான் கூட்டிவந்த ஆள். அந்தப் பெட்டை போவதற்குள் தான் போய், தானே அவரை முன்னுக்குக் கூட்டிவரவேண்டும் என்ற ஒரே நினைப்பில், அடுத்த நாள் காலமை தேத்தண்ணியும் குடியாமல் சைக்கிளை எடுத்தாள்.

சுடலைமுத்து கச்சான் தோட்டத்து ஓரம் ஆடுகளுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா. நேத்து சபைக்குப் புதுசா வந்த பொண்ணு வந்திச்சு, நீல வண்டியில."

பிரேமிளாவின் கால் அப்படியே நின்றுவிட்டது. வகுப்பு முடிந்த கையோடு வந்திருக்கிறாள்!

"என்ன சொன்னவ?"

"ஞாயித்துக்கெழம முன்னுக்கு வந்து விழுந்து கும்புடச் சொல்லிச்சு. அதுதான் சரியாம். நான் முடியாதுன்னுட்டேன்."

"ஏன்?"

"ஒங்களுக்குச் சொல்லியிருக்கேனேம்மா, செய்யமாட்டேன்னு."

முதலில் வந்தது சந்தோசம்தான். வெற்றி என்றே சொல்லலாம். இந்தா ஒருவர், சாரங்காவின் எபிரேயத்துக்கும் அசையாத ஒருவர், முழுதும் அவளுடைய ஆள்! அந்தச் சந்தோசம் நெஞ்சில் நிறைவதற்கு முன்னே அவர் தொடர்ந்து கதைத்தார்.

"மொகாம்ல எம் பொஞ்சாதி ராக்கம்மா செத்தப்ப, போத்துறதுக்குத் துணியில்லாம நின்னேன். நீங்கதான் ஒங்க சீலைய எடுத்துக் குடுத்தீங்க. இந்த அம்மா சொன்னாத் தட்டக்கூடாதுன்னு அன்னைக்கு நெனச்சதுங்க. ஆனா சாமிக்கு முன்னால நிமிந்து நிக்கக் கூச்சமா இருக்கு. அதான் கதவுகிட்டயே நின்னுக்கிறது."

அந்தச் சேலையைப் பிரேமிளா மறந்தே போயிருந்தாள். ஒரு பழைய சேலைக்காக இந்த மனிதர் பன்னிரண்டு வருசம், தன் மனசுக்கு ஒவ்வாத நிமிர்வோடு நின்றிருக்கிறார். இரண்டாவது புதனில் படித்த ஹெசெத் என்ற சொல் ஞாபகம் வந்தது. அதைக் கொப்பியில் எழுதாத ஒரே ஆள் அவள்தான். சுடச்சுட வெட்கம் வந்தது. சந்தோசப்பட்ட அந்த ஒரு நிமிசத்துக்காகவும் சேர்த்து வந்தது.

"ஐயா, நான் சொன்னது பிழை" என்றாள். "அந்தப் பிள்ளை சொன்னதுதான் சரி. நீங்கள் விழுந்து கும்பிடுங்கோ."

சுடலைமுத்து கையிலிருந்த குழையைக் கீழே வைத்துவிட்டு முழங்காலைத் தடவினார்.

"இப்ப முடியாதுங்களேம்மா. முட்டி ரெண்டும் போச்சு. விழுந்தா எந்திரிக்க மாட்டேன்."

ஆடு ஒன்று அவர் உடுத்திருந்த சாரத்தை இழுத்தது. அதை விலக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"எழுப்பிவிட நான் நிப்பன்" என்றாள் பிரேமிளா.

உடன்படிக்கை ஞாயிறன்று அவள் முன்கதிரைக்குப் போகவில்லை. அது வெறுமையாகக் கிடந்தது. அவள் பின்கதவுக்குப் பக்கத்தில் சுடலைமுத்துவோடு நின்றாள். முன்னால் சாரங்கா உடன்படிக்கையின் சொற்களைச் சொல்ல, சபை திருப்பிச் சொன்னது. பதினாலு வருசம் அதைச் சொல்லிக்கொடுத்தது பிரேமிளாவின் குரல். இப்போதும் வயிறு எரியத்தான் செய்தது, இல்லை என்றால் பொய்.

சுடலைமுத்து சுவரைப் பிடித்தார். பிறகு வாங்கிலைப் பிடித்தார். ஒரு முழங்கால், பிறகு மற்றது, பிறகு இரண்டு கையும். கடைசியாக நெற்றி சீமெந்தில் பட்டது. ஆமென் சொல்லி முடிந்தது, பாட்டு முடிந்தது, அறிவித்தல்களும் முடிந்தன. அவர் அப்படியே கிடந்தார். ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிரேமிளா அவசரப்படுத்தவில்லை.

பிறகு அவர் மெல்ல, "அம்மா" என்றார்.

அவள் குனிந்து அவருடைய கக்கத்துக்குள் கையைக் கொடுத்துத் தூக்கினாள். அவர் அசையவில்லை. இரண்டாம் தரமும் முடியவில்லை. இதைப் பார்த்துவிட்டுச் சாரங்கா பீடத்தடியிலிருந்து ஓடிவந்து, மற்றக் கையைப் பிடிக்கக் குனிந்தாள்.

"நீங்கள் விடுங்கோ பிள்ளை" என்றாள் பிரேமிளா, மூச்சு வாங்க. "இவர் என்ரை ஆள்."

சாரங்கா கையை எடுத்துக்கொண்டு தள்ளி நின்றாள். மூன்றாம் தரத்தில் சுடலைமுத்து எழும்பினார். நெற்றியில் ஒட்டியிருந்த சீமெந்துத் தூசியைப் பிரேமிளா தன் கஞ்சி போட்ட சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள்.