லெந்து நாளில் வைத்த கல்யாணம்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, சாட்சி சொல்ல வருகிறவர்கள் இரவும் பகலும் ஜெபித்தேன் என்று ஆரம்பிப்பார்கள். என்னால் அப்படி ஆரம்பிக்க முடியவில்லை. ஜெபிக்க முடியாமல் போன ஒருத்தியின் சாட்சி இது. மனது இருந்தால் வாசியுங்கள்.

என் பெயர் எமிலி. மர்பி டவுனில் குடியிருக்கிறோம். 1997 ஏப்ரல் மாதம், ஈஸ்டர் முடிந்து இரண்டாவது வாரம். காலையில் பல் துலக்கப் போன என் கணவர் தேவசகாயம் குழாயடியிலேயே சரிந்து விழுந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பக்கத்து வீட்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மூன்று வாரம் அங்கேயே கிடந்தோம். உயிர் தங்கியது. வலது கையும் காலும் பாதி வந்தன. பேச்சு மட்டும் வரவில்லை.

"மூளையில பேச்சு வர்ற இடத்துலதான் அடிம்மா. ஆறு மாசத்துக்குள்ள வந்துட்டா பரவாயில்ல. அதுக்கு மேல போனா கஷ்டம்" என்றார் டாக்டர். ஆறு மாதம் என்ற கணக்கு அன்றிலிருந்து என் தலைக்குள் உட்கார்ந்துகொண்டது.

என் கணவர் எப்படிப்பட்ட வாய்க்காரர் என்று எங்கள் சபையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஃபாக்டரியில் லேத் வேலை. சபையில் பதினெட்டு வருஷம் கமிட்டி செயலாளர். எங்கள் சபைகளில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு பெண் மாப்பிள்ளை பெயரை ஆராதனையில் வாசித்து, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்பார்கள். ஓலை வாசிப்பது என்று சொல்வோம். அந்த ஓலைகளை எழுதிக் கொடுப்பவர் அவர்தான். கல்யாணப் பதிவேடு முழுக்க அவர் கையெழுத்து. அவர் விழுந்த அந்த வாரம்கூட இரண்டு கல்யாணத்தின் ஓலை அவர் சட்டைப் பையில் இருந்தது.

நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். கூடவே கதை எழுதுகிற வியாதியும் உண்டு. ஒரு சின்ன கிறிஸ்தவ மாதப் பத்திரிகையில் 'மூன்றாம் ஓலை' என்ற தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன். நூறு வருஷத்துக்கு முந்தைய எங்கள் ஊர் கன்டோன்மென்ட், வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த பகுதி. ரூத் என்று தாய் தகப்பன் இல்லாத ஒரு ஆஸ்பத்திரி ஆயா. சாமுவேல் என்று பட்டாளத்து பேண்டில் வாசிக்கிற ஒருவன். இரண்டு பேருக்கும் கல்யாணம் நிச்சயமாகி மூன்றாம் ஓலை வாசிக்கும்போது, கடைசி பெஞ்சில் முக்காடு போட்ட ஒருத்தி எழுந்து "இந்தக் கல்யாணம் நடக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் பக்கத்துக் கதவு வழியாக மறைந்துபோகிறாள். யார் அவள்? ஏன் சொன்னாள்? அதுதான் கதை. பெண்கள் பத்திரிகைக்குக் கடிதம் எழுதிக் கேட்டார்கள்.

எழுதினதை முதலில் கேட்கிறவர் என் கணவர்தான். சாப்பிட்டு முடித்து அவர் பிரம்பு நாற்காலியில் சாய்ந்துகொள்வார், நான் வாசிப்பேன். "அந்த முக்காட்டுக்காரி ரூத்தோட அம்மாதான், எழுதி வச்சுக்கோ" என்று அடித்துச் சொன்னார். நான் சிரித்தேன். உண்மையில் அவள் யாரென்று அப்போது எனக்கே தெரியாது.

அவர் விழுந்த பிறகு வீட்டில் சத்தமே இல்லை. காலையில் மகள் ஷீலா அவரைக் குளிப்பாட்டிச் சாப்பாடு ஊட்டுவாள். மத்தியானம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அவள் வேலைக்குக் கிளம்புவாள். வாசலில் பார்த்துக்கொள்வோம், அவ்வளவுதான். உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க ஒரு கன்னடப் பெண் வருவாள். "மாத்தாடி அங்கிள், மாத்தாடி" என்று பேசச் சொல்லிக் கெஞ்சுவாள். அவர் வாயைத் திறப்பார். "ஆ" என்று ஒரு சத்தம் வரும். பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இருக்காது.

ஜெபித்தேன். பொய் சொல்லவில்லை, முதல் ஆறு மாதம் நன்றாகவே ஜெபித்தேன். வெள்ளிக்கிழமை தோறும் உபவாசம். பெண்கள் ஐக்கியத்திலிருந்து வந்து பாட்டுப் பாடி ஜெபித்துவிட்டுப் போவார்கள். நான் அதிகமாக ஒன்றும் கேட்கவில்லை. ஆண்டவரே, ஒரே ஒரு வார்த்தை. என் பெயரை ஒரு தடவை சொல்லட்டும். எமிலி என்று கூப்பிடட்டும். அது போதும்.

அக்டோபர் வந்தது. ஆறு மாதம் முடிந்தது. வந்திருந்த ஒரு சகோதரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "விசுவாசத்துல எங்கயாவது குறை இருக்கான்னு பாருங்க சிஸ்டர்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நான் சிரித்து, காபி கொடுத்து அனுப்பினேன். அன்றைக்குப் பிறகு முழங்கால் போட்டால் வார்த்தை வரவில்லை. அவருக்கு வாய் அடைத்தது போல எனக்கும் உள்ளே அடைத்துக்கொண்டது. கொஞ்ச நாளில் முழங்கால் போடுவதையும் விட்டுவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வாயை மட்டும் அசைத்தேன்.

இதற்கு நடுவில் அந்தப் பாழாய்ப்போன கதை வேறு. என் ரூத் ஒரு அத்தியாயத்தில் ஜெபிப்பாள், அடுத்த அத்தியாயத்தில் பதில் வந்துவிடும். ஆஸ்டின் டவுனிலிருந்து ஒரு அம்மா, "உங்கள் ரூத்தின் ஜெபத்தைப் படித்துவிட்டு நானும் முழங்கால் போட்டேன்" என்று எழுதியிருந்தார். அதைப் படித்து வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது. ஊராருக்கு விசுவாசம் பரிமாறுகிறவள் வீட்டில் அடுப்பே எரியவில்லை.

டிசம்பர் முதல் வாரம் ஒரு முடிவுக்கு வந்தேன். கதையை நிறுத்திவிடுவது. பத்திரிகை ஆசிரியர் இன்னும் ஆறு அத்தியாயம் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆறு வரிகூட முடியாது போலிருந்தது. ரூத்துக்கும் சாமுவேலுக்கும் கல்யாணத்தை முடித்துவிட்டு, முக்காட்டுக்காரி யார் என்பது கர்த்தருக்கே வெளிச்சம் என்று ஒரு வரி போட்டு மூடிவிடலாம் என்று நினைத்தேன். திருட்டு வேலைதான். ஆனால் அவ்வளவு களைத்துப் போயிருந்தேன்.

முந்தின அத்தியாயத்தில், மார்ச் ஆரம்பத்தில் அல்சூர் ஏரியில் தண்ணீர் வற்றி, சேற்றிலிருந்து ஒரு தகரப் பெட்டி அகப்பட்டதாக எழுதியிருந்தேன். அதனால் கல்யாணத்தை மார்ச் பதினைந்து என்று வைத்தேன். ஒரே மூச்சில் எழுதி முடித்தேன்.

சனிக்கிழமை மத்தியானம். அவருக்கு வாசித்துக் காட்டினேன். அந்தப் பழக்கத்தை மட்டும் விடவில்லை, வீட்டில் ஒரு குரலாவது கேட்கட்டும் என்று. அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பாடப் புத்தகம் ஒப்பிப்பது போல வாசித்துக்கொண்டே போனேன். மார்ச் பதினைந்தாம் தேதி கோயில் மணி அடித்தது, ரூத் வெள்ளைப் புடவை கட்டி உள்ளே நடந்தாள் என்ற இடம்.

ஏதோ சத்தம் கேட்டது. இருமுகிறார் என்று நினைத்து மேலே வாசித்தேன். இடது கையால் நாற்காலியைப் பட்டென்று அடித்தார். முகம் சிவந்து கழுத்து நரம்பு புடைத்திருந்தது. பக்கவாதம் மறுபடியும் வந்துவிட்டது என்று காகிதத்தோடு எழுந்து ஓடினேன்.

"என்னங்க, இன்னா ஆச்சு? என்னங்க!"

"லெ..." என்றார். மூச்சு வாங்கினார். பிறகு சொன்னார்.

"லெந்து."

எட்டு மாதத்துக்குப் பிறகு அவர் குரல். நான் காகிதத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். அவர் விடவில்லை. காகிதத்தைக் காட்டிக் காட்டி, "லெந்து! லெந்து!" என்றார்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் லெந்து காலம். எங்கள் சபைகளில் அப்போது கல்யாணம் நடத்துவதில்லை. மார்ச் பதினைந்து எந்த வருஷமானாலும் லெந்துக்குள்தான் விழும். மாப்பிள்ளைக்கு அப்போதுதான் லீவு, மண்டபம் அப்போதுதான் கிடைக்கும் என்று கெஞ்சிக்கொண்டு வந்த எத்தனையோ குடும்பங்களை இவர் பதினெட்டு வருஷம் திருப்பி அனுப்பியிருக்கிறார். என் அண்ணன் மகளுக்கே விட்டுக் கொடுக்காத மனிதர். அவர் வீட்டிலேயே, அவர் பெண்டாட்டியே, லெந்து நாளில் ஒரு கல்யாணத்தை நடத்திக்கொண்டிருந்தேன்.

ஸ்தோத்திரம் என்று கத்தியிருக்க வேண்டும். நான் சொன்னது என்ன தெரியுமா? "ஆமாங்க, தப்புதான்."

"கல்யாணம்... இல்ல" என்றார். அதைச் சொல்லி முடித்த பிறகுதான் தான் பேசுகிறோம் என்பதே அவருக்குத் தெரிந்தது. வாயைக் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நான் தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலில் தலையை வைத்து அழுதேன். ஷீலா வந்ததும், "அப்பா பேசிட்டாருடி" என்றேன். "இன்னா சொன்னாரு?" என்றாள். "லெந்துன்னாரு." அவள் சிரித்தாள், அப்படியே அழுதாள்.

மனதில் இருந்ததை மறைக்கப் போவதில்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். என் பெயரைக் கேட்டேன், கிடைத்தது லெந்து. எட்டு மாதம் காத்திருந்து முதல் வார்த்தையே திட்டு. ஆனால் யோசித்துப் பார்த்தால், அவர் பவ்யமாக வேறு எதையாவது சொல்லியிருந்தால் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். தப்பு கண்டுபிடித்தாரே, அதனால் வந்திருப்பது என் புருஷன்தான் என்று தெரிந்தது.

எழுதினதைக் கிழித்துப் போட்டேன். ரூத்தும் சாமுவேலும் நாற்பது நாள் காத்திருந்தார்கள். அந்த நாற்பது நாளில் முக்காட்டுக்காரி திரும்பி வந்தாள். அவள் ரூத்தின் தாய்தான். தன்னை ஏமாற்றினவனுடைய மகன் சாமுவேல், ரூத்துக்கு அண்ணன் முறை என்று தப்பாக நினைத்துத் தடுத்திருக்கிறாள். அவன் வேறு வீட்டுப் பிள்ளை என்பதற்குத் தகரப் பெட்டியில் கடிதம் இருந்தது. ஈஸ்டர் முடிந்து கல்யாணம். ஆறு அத்தியாயமும் எழுதினேன். ஒவ்வொன்றையும் அவருக்கு வாசித்தேன், ஒவ்வொன்றுக்கும் அவருக்கு இரண்டு மூன்று வார்த்தை திரும்பி வந்தது. அதிகம் வந்தது "தப்பு" என்ற வார்த்தை. "மாத்தாட்தாரல்லா!", பேசுகிறாரே என்று அந்தக் கன்னடப் பெண் கை தட்டினாள். லேட்டாக வருவதும் உண்டு என்றார் டாக்டர். அவரோடு நான் வாதாடவில்லை.

என் பெயர் வந்தது அடுத்த வருஷம் மே மாதம், ஒரு சாதாரண சாயங்காலம். "எமிலி, காபி" என்றார். அந்தச் சந்தோஷத்தில் சர்க்கரை போட மறந்துவிட்டேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "தப்பு" என்றார்.

இது 2002. அவர் பேச்சு இன்னும் திக்கித் திக்கித்தான் வரும். வலது கை எழுதாது. பதிவேட்டில் இப்போது வேறொருவர் கையெழுத்து. நானும் முன்போல இல்லை. அடுத்த அத்தியாயத்திலேயே பதில் வருகிற ஜெபங்களை எழுதுவதில்லை, என் ஆட்கள் காத்திருக்கிறார்கள். வியாதிக்காரர் வீட்டுக்குப் போனால் விசுவாசத்தைப் பற்றிப் பேசுவதில்லை. பாத்திரம் கழுவிக் கொடுத்துவிட்டு வருகிறேன்.

இந்தச் சாட்சியை எழுதிப் போன வாரம் அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஜெபத்தையே விட்டுவிட்ட எனக்குக் கர்த்தர் ஏன் பதில் கொடுத்தார் என்று தெரியவில்லை என்று முடித்திருந்தேன். இடது கையைத் தூக்கினார். தேதி ஏதோ தப்பு போல என்று பேனாவை எடுத்தேன்.

"நான்... நிறுத்தல" என்றார்.

"இன்னா நிறுத்தல?"

"ஜெபம்."

பேனாவைக் கீழே வைத்தேன். "பேச்சு வரணும்னு உள்ளுக்குள்ளயே கேட்டுக்கிட்டிருந்தீங்களா?"

இல்லை என்று தலையாட்டினார். வார்த்தை வர நேரமாயிற்று. அவருக்காக நான் எடுத்துக் கொடுப்பதை விட்டு வருஷக்கணக்காகிறது.

"நீ... கதைய... விட்டுடக் கூடாதுன்னு."

பிரியமானவர்களே, ஜெபிக்க முடியாமல் களைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறீர்களா? பயப்படாதீர்கள். உங்கள் பக்கத்தில் வாய் திறக்காமல் கிடக்கிறவருக்கு ஏதாவது வாசித்துக் காட்டுங்கள். கூடவே இருங்கள். கர்த்தரை நம்புங்கள். அந்த எட்டு மாதமும் எங்கள் வீட்டில் ஜெபம் ஒரு நாளும் நிற்கவில்லை. எனக்குத்தான் கேட்கவில்லை.