மதுராவின் கண்ணும் என் வீட்டுச் செத்தல் மிளகாயும்

உரும்பிராயில் பக்கத்து வீட்டுக் கேதீஸ்வரியின் மகள் மதுரா விமானம் ஓட்டுகிறவள். சின்ன வயதிலிருந்தே கண்ணாடி. அதோடுதான் படித்தாள், அதோடுதான் பறந்தாள். போன வருடம், இனிக் கண்ணாடி வேண்டாமென்று கொழும்பில் லேசர் சிகிச்சை செய்துகொண்டு ஓய்வுக்கு வந்தாள். ஆறு கிழமை கழித்து டொக்டர் சோதித்துச் சரியென்றால்தான் திரும்பப் பறக்கலாம். அதுவரை கண்ணில் தூசு, புகை படக்கூடாது.

ஊர் சும்மா இருக்குமா? ஹோர்லிக்ஸ் போத்தலும் தோடம்பழமுமாக வந்து, ஆளுக்கு ஆள் விரலை நீட்டிச் சோதித்தது. முன்வீட்டுச் சீவரத்தினத்தார் நடுங்கியே போனார்.

“கண் தெரியாமலோ எங்களை ஏத்திக்கொண்டு திரிஞ்சனீ? ஆடி மாசம் நான் உன்ரை பிளேனிலையெல்லோ வந்தனான்! உது எத்தினை விரல், சொல்லு?”

“மூண்டு மாமா. நகத்துக்குள்ளை மண். உங்கடை வலக்கண்தான் வெள்ளை படர்ந்து கிடக்கு. உதோடை மோட்டச்சைக்கிள் ஓடலாமோ?”

“நான் நிலத்திலைதானே பிள்ளை ஓடுறன்.”

அந்த மாதம் மட்டும் என் வேலியை இரண்டு தரம் இடித்தவர் அவர்.

டொக்டரின் சோதனைக்கு முதல்நாள் கேதீஸ்வரிக்குப் பயம் பிடித்தது. இவ்வளவு பேர் பார்த்துவிட்டுப் போனால் கண்ணூறு படாதா? செத்தல் மிளகாயும் உப்பும் மகளின் தலையைச் சுற்றி நெருப்பில் போட்டாள். மிளகாய் என்னுடையது. கேட்டாள், கொடுத்தேன். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது.

“அம்மா! கண்ணிலையெல்லோ ஒப்பரேசன் செய்தனான்!” மதுரா முற்றத்துக்கு ஓடினாள்.

கேதீஸ்வரி இருமி இருமிச் சந்தோசப்பட்டாள். “உந்தளவு நெடி வருதெண்டால் கண்ணூறே இல்லைப் பிள்ளை!”

டொக்டர் சிவந்த கண்களைப் பார்த்தார், காரணம் கேட்டார், சிரிக்காமல் இரண்டு கிழமை தள்ளிவைத்தார். மதுரா தாயோடு கதைக்கவில்லை. என் வீட்டு அறையில்தான் படுத்தாள். நான் கறி தாளிக்கக்கூட இல்லை.

“இனிப் பறக்க விடாட்டில், ஆச்சி?” ஒரே ஒரு தரம் கேட்டாள். நான் எழும்பி, தெருப் புகை வராமல் யன்னலைச் சாத்தினேன்.

அடுத்த சோதனையில் தேறிவிட்டாள். அவள் விமானம் பலாலியில் எழும்பி எங்கள் பனைகளுக்கு மேலால் போனபோது ஊரே அண்ணாந்து பார்த்தது. சீவரத்தினத்தாரும் பார்த்தார், வேறு பக்கமாக.

கேதீஸ்வரி வேலியால் எட்டிப் பார்த்தாள்.

“எத்தினை கண் பட்டிருக்கும், மாமி! வெள்ளிக்கிழமை பிள்ளை வாறாள். நாலு செத்தல் தாங்கோ.”

“முடிஞ்சு போச்சு” என்றேன்.

சாடி நிறைய இருந்தது.