வராத குருவிகளை எழுதியவள்

இந்த ஊர் சூப்பர் மார்க்கெட்டில் நாய்த் தீனியும் பூனைத் தீனியும் அடுக்கியிருக்கும் வரிசையின் கடைசியில் குருவிக்கும் தீனி இருக்கிறது. சூரியகாந்தி விதை, தோல் நீக்கிய நிலக்கடலை, கொழுப்பு உருண்டை, எல்லாம் மூட்டை மூட்டையாக. முதல் தடவை பார்த்தபோது நான் அங்கேயே நின்று சிரித்துவிட்டேன். தள்ளுவண்டியோடு பக்கத்தில் நின்றவர் என்ன விஷயம் என்று கேட்டார். "எங்கள் வீட்டில் குருவி சாப்பிட்டுவிடக் கூடாது என்பதற்காக என்னை நிறுத்தி வைத்திருந்தார்கள்" என்றேன். "ஓ, லவ்லி" என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்துவிட்டார்.

நான் ஆய்க்குடிக்குப் பக்கத்து ஊர்க்காரி. தென்காசியிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் எங்கள் ஊர் வந்துவிடும். கார் நெல் பால் பிடிக்கும் நாட்களில் வயலில் சில்லைக் குருவிகள் கூட்டமாக இறங்கும். விடிந்ததிலிருந்து பள்ளிக்கூட மணி அடிக்கும் வரை வரப்பில் நின்று தகரம் தட்டுவது என் வேலை. தட்டாத நேரத்தில் புத்தகத்தை விரித்துக்கொள்வேன். "ஏட்டி, நீ படிக்கத கேட்டு குருவி எந்திரிச்சிப் போயிருமாக்கும்?" என்று அப்பா அடுத்த வயலிலிருந்து சத்தம் போடுவார். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. அம்மா இன்றைக்கும் கைநாட்டுதான். நான் எம்.எஸ்ஸி. அந்த மூன்று எழுத்தை என் பெயருக்குப் பின்னால் எழுதும்போது பேனாவைக் கொஞ்சம் அழுத்தித்தான் பிடிப்பேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

இப்போது இங்கிலாந்தின் டெவன் பக்கம் ஒரு சிறு ஊரில் இருக்கிறேன். பால் பண்ணை ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வரும் ஒவ்வொரு லாரிப் பாலையும் சோதித்து, எண்களை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் எழுதும் எண் சரியில்லை என்றால் லாரி திரும்பிப் போகும். குடியிருப்பது ஐரீன் என்பவரின் வீட்டு மாடி அறையில். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். வந்த புதிதில் நம் வழக்கப்படி 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டேன். "எனக்குத் தெரிந்து என் அண்ணன் தென்காசிப் பக்கம் போனதே இல்லை" என்றார். அன்றிலிருந்து வெறும் ஐரீன். வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட என் நாக்கு இன்னும் தயங்குகிறது.

ஐரீன் வீட்டுப் பின்பக்கத் தோட்டத்தில் ஒரு கம்பியில் கண்ணாடிக் குழாய் தொங்கும். அதில் விதை நிரப்பி வைத்தால் குருவிகள் வந்து கொத்தும். தினமும் காலை எட்டு மணியிலிருந்து எட்டரை வரை அடுப்படி ஜன்னலில் உட்கார்ந்து, எந்தப் பறவை எத்தனை வந்தது என்று நோட்டில் எழுதுவார். ஆண்டு முடிவில் அதைப் பறவைகளைக் கவனிப்பவர்களின் சங்கத்துக்கு அனுப்பிவிடுவார். பல வருட நோட்டுகள் அலமாரியில் இருக்கின்றன. இந்த இலையுதிர்காலத் தொடக்கத்தில் அவர் மாடிப்படியில் சறுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது வலியில் முகம் வெளுத்திருந்தது. அந்த நிலையிலும் என்னைத்தான் கூப்பிட்டார். "நோட்டை உன்னிடம் விடுகிறேன். நீ எண்ணுகிற வேலை பார்ப்பவள்." இந்த நாட்டில் என்னைப் பற்றி யாரும் இதைவிடப் பெரிதாக எதையும் சொன்னதில்லை.

முதல் நாள் நீலத் தலைச் சிட்டு இரண்டு வந்தன. மறுநாள் ஒன்று. பிறகு எதுவும் வரவில்லை. குழாயைச் சோப்புப் போட்டுக் கழுவினேன், விதையை மாற்றினேன், கம்பியை ஆப்பிள் மரத்தடிக்கு நகர்த்திப் பார்த்தேன். எட்டு மணிக்கு ஜன்னலில் உட்காருவேன். எட்டு இருபதுக்கு எழுந்து நடப்பேன். என் சமையல் வாசனையோ, தோட்டத்தில் காயப்போட்ட என் ரோஸ் கலர் துப்பட்டாவோ, எதுவென்று தெரியவில்லை. விரட்டியே பழகிய கை என்று குருவிகளுக்குத் தெரிந்துவிட்டதோ என்றுகூட ஒரு காலையில் நினைத்தேன். படித்தவள் நினைக்கிற நினைப்பா இது என்று என் மீதே கோபம் வந்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஐரீன் குழாய்களோடு படுத்திருந்தார். "வருகிறார்களா?" என்றுதான் முதலில் கேட்டார், மனிதர்களைப் பற்றிக் கேட்பதுபோல. "நிறைய" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு நோட்டில் பூஜ்யம் போட எனக்கு மனம் வரவில்லை. படுத்திருப்பவரிடம் போய் இல்லை, வரவில்லை என்று சொல்வார்களா? போன வருட நோட்டை எடுத்து, அதே தேதிகளைப் பார்த்து, இங்கே ஒன்று கூட்டி அங்கே ஒன்று குறைத்து எழுதினேன். முந்தைய வாரத்து எண்களையும் அப்படியே திருத்தினேன். மொத்தம் பதினான்கு நாட்கள். ஒவ்வொரு நாளும் குருவிகள் கும்மாளமிட்டுவிட்டுப் போயின.

இப்படிச் செய்வதை நான் எங்கே கற்றேன் என்று எனக்குத் தெரியும். திருநெல்வேலியில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படித்தபோது கடைசி வருடப் பரீட்சை ஒரு மாதம் நடந்தது. தினமும் போனில் அம்மா, "அப்பா நல்லாருக்காவ, வயலுக்குப் போயிருக்காவ" என்பாள். பரீட்சை முடிந்து வீட்டுக்குப் போனால், அப்பாவின் வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. கதிரடிக்கும் மெஷினில் போயிருந்தன. மூன்று வாரமாகிப் புண்ணே ஆறத் தொடங்கிவிட்டது. நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். அம்மா அசரவில்லை. "ஒன்ட்ட சொன்னா வெரலு மொளைச்சிருமாக்கும்? போய்ச் சாப்பிடு" என்றாள். அப்பாவோ மிச்ச விரல்களைக் காட்டி, "மூணு இருக்குல்லா, தகரம் தட்ட இது போதும்" என்றார். எனக்கு மட்டும் அந்தப் பரீட்சையில் வாங்கிய மார்க் ஒவ்வொன்றும் அன்றைக்குக் கசந்தது.

இரண்டாவது ஞாயிறு ஐரீன் நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"பில் வந்தானா?"

தோட்டத்துக்கு வரும் ஒரு ராபின் குருவிக்கு ஐரீன் வைத்த பெயர் பில். போன வருட நோட்டில் பல நாட்களில் 'ராபின், பில், ஒன்று' என்று எழுதியிருந்தது. நானும் அப்படியே எழுதியிருந்தேன். "ஆமாம், செவ்வாய்க்கிழமை" என்றேன்.

"பில்தான் என்று எப்படித் தெரிந்தது?"

"சிறகில் ஒரு வெள்ளை இறகு." அதுவும் நோட்டில் இருந்ததுதான்.

ஐரீன் கண்ணாடியைக் கழற்றினார். "இந்தப் பிப்ரவரியில் அவனை நான் ரோஜாச் செடிக்கடியில் புதைத்தேன். என் கையால்."

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். எங்கள் ஊரில் நோயாளியிடம் கெட்ட செய்தி சொல்ல மாட்டோம், மனம் விட்டுப்போகும் என்று தொடங்கினேன்.

"நான் நோயாளி இல்லை. எனக்கு இடுப்பு உடைந்திருக்கிறது" என்றார். "வேலிச் செடிகளில் பழம் நிறைந்திருக்கிற வருடம் அவை என் பக்கம் திரும்பாது. அது நல்ல வருடம். வருவதற்கே பறவை இல்லாமல் போகிற வருடமும் உண்டு. இந்த வருடம் எது என்று நான் பூஜ்யத்தை வைத்துத்தான் தேட வேண்டும். நீ எனக்கு எதைக் கொண்டுவந்திருக்கிறாய்? நோட்டை இங்கே வைத்துவிட்டுப் போ. பக்கத்து வீட்டு டேவிட் எழுதட்டும்."

அப்பாவின் கையைப் பார்த்த நாளில்கூட என் முகம் அப்படி எரியவில்லை. இவளுக்கு எழுதத் தெரியாது என்று என்னை யாரும் சொல்லிவிட முடியாது என்பதற்காகத்தான் நான் இத்தனை வருடம் படித்தேன். "கொடுக்க மாட்டேன்" என்றேன். நாற்காலியை இழுத்துப்போட்டு, பதினான்கு வரிகளையும் ஒவ்வொன்றாகக் குறுக்கே கோடு போட்டு அடித்தேன். எங்கள் பரிசோதனைக் கூடத்தில் தப்பான எண்ணை அழிக்கக் கூடாது. அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பதினான்கு கோடு, பதினான்கு கையெழுத்து. முதல் இரண்டு நாட்களுக்குப் பக்கத்தில் மட்டும் இரண்டு, ஒன்று என்று திரும்ப எழுதினேன். மற்றவற்றில் பூஜ்யம். ஐரீன் ஒவ்வொரு கையெழுத்தையும் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு நோட்டை என் பக்கம் தள்ளினார். "வந்ததை மட்டும் எழுது."

அடுத்த நாள் காலை ஊருக்குப் போன் செய்தேன். ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை. "அம்மா, வயல்ல குருவி எப்படி?"

"அய்ய, அதை ஏன் கேக்க! தட்டத் தட்ட வருது. அப்பா அங்கனதான் நிக்காவ. குத்தாலத்துல வேற தண்ணி கொட்டுது, ரோடெல்லாம் ஒரே வண்டி."

"நீ எங்க நிக்க?"

"நானும் வயல்லதான்."

"தகரச் சத்தத்தையே காணும்?"

அம்மா நின்ற பக்கம் ஒரு பைக் போகும் சத்தம்தான் கேட்டது.

"தரிசாக் கெடக்குட்டி" என்றாள். "ரெண்டு போகமாச்சு. அப்பாவால குனிய முடியல, முட்டு பிடிச்சிக்கிடுது. நீ அங்கன ஒத்தையில கெடக்க. ஒன்ட்ட எதுக்குன்னு விட்டுட்டோம்."

இரண்டு போகம். இங்கே வேலை செய்யும் இடத்தில் எத்தனை பேரிடம் எங்கள் நெல்லைப் பற்றிச் சொல்லியிருப்பேன்! இந்தத் தடவை நான் கத்தவில்லை. கத்துகிற தகுதியை ஆஸ்பத்திரியிலேயே தொலைத்திருந்தேன். தினமும் வயல் பக்கம் போய், என்ன பறவை வருகிறது, எத்தனை என்று எனக்கு உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

"எனக்கு எழுதத்தான் தெரியாது, எண்ணத் தெரியாதா?" என்று அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

இப்போது எனக்கு எட்டு மணியாகும்போது அம்மாவுக்கு நடுப்பகல். நான் ஜன்னலில் உட்கார்ந்திருப்பேன், அவள் வரப்பில் நின்று பேசுவாள். ஐரீனின் நோட்டில் ஒரு பக்கம் டெவன். என் டைரியில் இன்னொரு பக்கம் எங்கள் வயல். நேற்று அம்மா, "மூணு கொக்கு, ஒரு மயிலு. குருவி ஒண்ணுமில்ல. தின்ன என்ன கெடக்கு, வாரதுக்கு?" என்றாள். அப்படியே எழுதினேன். "அங்கன எத்தனை?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் வரலம்மா."

"அய்யோ, பாவம். வயசானவ, படுத்துக் கெடக்கா. அவட்ட போய் இதச் சொல்லிராத, என்ன? பத்து வந்துச்சு, இருவது வந்துச்சுன்னு எதையாவது சொல்லு."

வெளியே காற்றில் குழாய் மெல்லச் சுற்றியது. விதை, நிரப்பிய அளவிலேயே இருந்தது. நோட்டில் பூஜ்யத்தைப் போட்டு, பக்கத்தில் கையெழுத்தும் போட்டேன்.

"சரிம்மா, சொல்ல மாட்டேன்" என்றேன்.